இடது காலுக்கு வேலையில்லாத கார்

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. இப்படி எழுதினால் படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று தெரியும். நினைத்துவிட்டுப் போகட்டும். நான் ஆலங்குடியில் மோட்டார் பம்புக் கடை வைத்திருக்கிறவன். கியர் வண்டியை அலுங்காமல் குலுங்காமல் ஓட்டுகிறவன் என்று தெருவில் பெயர் வாங்கியவன். யாருக்குப் பிரசவ வலி வந்தாலும், யார் வீட்டு மருமகனைத் திருச்சி விமான நிலையத்தில் இருந்து கூட்டிவர வேண்டும் என்றாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். வீட்டுக்குள் கேட்கவே வேண்டாம். கார் சாவி சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். அதைத் தொடுகிற கை என்னுடையது மட்டும்தான்.

அவள் அரசுப் பள்ளியில் ஆசிரியை. பள்ளிக்கூடம், முந்திரிக்காடுகளைத் தாண்டி அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஊரில். பஸ் உண்டு. ஆனால் அது போய்ச் சேர்வதற்குள் முதல் பெல் அடித்துவிடும். அதனால் காலையில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துதான் நான் கடையைத் திறப்பேன். வீட்டில் அவள் அதிகம் பேச மாட்டாள். அடுப்படியில் குக்கர் கத்தும், கூடத்தில் அம்மா டிவியை அலற விட்டிருப்பார், விடுதியில் இருந்து பையன் போன் பண்ணுவான். காரில் ஏறிக் கதவைச் சாத்தி பெல்ட்டை இழுத்து மாட்டியதும்தான் அவளுக்கு வாய் திறக்கும். என் இடது கை கியரில், கண் ரோட்டில், காது அவள் பக்கம். பையன் வயிற்றில் இருப்பதைக்கூட அவள் காரில்தான் சொன்னாள். ஒரு வேகத்தடைக்கு முன்னால், "மெதுவா ஏத்துங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். வெளியே பார்த்துச் சிரித்தாள். அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது, பள்ளிக்கூடத்தில் யாரோடு மனஸ்தாபம், எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தப் போகிறது, எல்லாம் முதலில் என் காதுக்குத்தான் வரும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு. அந்த முதல் இடம் என்னுடையது என்று நான் இருந்தேன்.

ஒரு தடவை நானே அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். தண்ணீர் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் வண்டியை இறக்கி, அவளை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்தேன். கிளட்சை மெதுவாக விட வேண்டும், விட்டுக்கொண்டே ஆக்சிலேட்டரைத் தொட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். அவள் விட்ட விட்டில் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளித் துள்ளி நின்றது. கத்தினேன். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். "ஒங்க வாய்க்குப் பயந்தே காலு நடுங்குது" என்று இறங்கியவள், சேலையில் ஒட்டிய நெருஞ்சி முள்ளைப் பிடுங்கிக்கொண்டே கரையேறிப் போய்விட்டாள். சிலருக்கு வராது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவு எனக்கு வசதியாகவும் இருந்தது.

போன வருடம் பழைய கார் நடுரோட்டில் படுத்துவிட்டது. மெக்கானிக் கையை விரித்துவிட்டார். புதிதாக ஒன்று வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது அவள் சொன்னாள், "கிளட்ச் இல்லாத வண்டியா வாங்குவோம்ங்க. நானும் ஓட்டுவேன்ல."

"அது சின்னப் புள்ளைங்க ஓட்டுற பொம்ம வண்டி" என்றேன்.

"பொம்ம வண்டியாவே இருக்கட்டும்."

மே மாத விடுமுறையில் பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போய்வந்தாள். அங்கே ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குப் பெண்களே சொல்லிக்கொடுக்கிறார்களாம். அழுதுகொண்டு திரும்பி வருவாள், ஆறுதல் சொல்லலாம் என்று காத்திருந்தேன். "எப்படிப் போகுது?" என்று கேட்டால், "நல்லாப் போகுதுங்க" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. எங்கள் காரும் அப்போது ஷெட்டில் கிடந்தது. அவள் எங்கே உட்கார்ந்து என்னிடம் பேசுவாள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

புதுக் கார் வந்த அன்று, அரிமளம் பக்கத்தில் இருக்கும் எங்கள் அய்யனார் கோயிலுக்குப் பூஜை போடக் கொண்டுபோனோம். கோயில் வரைக்கும் கார் ஷோரூமில் இருந்து வந்த பையன்தான் ஓட்டி வந்தான். பூசாரி நாலு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். வண்டியைப் பழத்தின் மேல் ஏற்றி முன்னால் எடுக்க வேண்டும். அவள் வீட்டு ஆட்கள், என் வீட்டு ஆட்கள் எல்லாரும் நின்றார்கள். அவள் கதவுப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள். நான் முந்திக்கொண்டேன். "மொதல்ல எடுக்குறது நான்தான்" என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டி ஏறி உட்கார்ந்தேன். டி என்ற எழுத்தில் போட்டுவிட்டு பிரேக்கை விட்டால் தானாக நகரும் என்று அவள் ஜன்னல் வழியாகச் சொன்னாள். "எனக்குத் தெரியும்" என்றேன்.

தெரியும்தான். காலுக்குத்தான் தெரியவில்லை. நான் ஆக்சிலேட்டரைத் தொட்டதும் வண்டி வெடுக்கென்று பாய்ந்தது. இத்தனை வருடப் பழக்கம், இடது கால் தானாக எழும்பிக் கிளட்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே கிளட்ச் எங்கே இருக்கிறது? பிரேக்தான் அகலமாக இருக்கிறது. வண்டி அப்படியே குத்திட்டு நின்றது. நெற்றி ஸ்டீயரிங்கில் இடித்தது. பூசாரி தட்டோடு பின்னால் தாவினார். இரண்டு பழம் நசுங்கியது, ஒன்று சிதறி ஓடியது, ஒன்று டயருக்கு அடியில் பாதி நசுங்கிய நிலையில் மாட்டிக்கொண்டது. முன்னால் மண்குதிரைக்கும் எங்கள் காருக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருந்தால் அதிகம்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் சிரிப்பதைவிட மோசம். பூசாரி திருநீறைத் தட்டிவிட்டுக்கொண்டு, "சாமி காரியம் சார். நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்க யாராச்சும் ஏறுங்க" என்றார். வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்தி வேறு பழம் வைத்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். கார் பூனை மாதிரி நகர்ந்து நாலு பழத்தையும் நசுக்கிக்கொண்டு போய், குதிரைக்கு வெகு முன்னாலேயே திரும்பி நின்றது. என் அம்மாவே கையெடுத்துக் கும்பிட்டார். என் முகத்தில் ஈயாடவில்லை.

பள்ளிக்கூடம் திறந்ததும் அவளே ஓட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள். "நீங்க சீக்கிரமாவே கடையத் தொறக்கலாம்ல" என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள். வழியில் அவள் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் இரண்டு பேரை ஏற்றிக்கொள்வாள். எங்கள் கடையைத் தாண்டித்தான் கார் போகும். நான் ஷட்டரைத் தூக்கிவிட்டு, ஏதோ வேலை இருக்கிற மாதிரி வாசலில் நிற்பேன். முன்சீட்டில் கணக்கு டீச்சர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டு வருவார். என் மனைவி சிரித்துக்கொண்டு போவாள். ஹாரனை ஒரு தடவை தட்டுவாள், எனக்கு. அவ்வளவுதான் எனக்கு. வலது கை ஸ்டீயரிங்கில் இருக்கும். இடது கை மடியில் சும்மா கிடக்கும். அந்தக் கையைப் பார்த்தால்தான் எனக்கு அதிகமாக எரியும். என் இடது கை என்றைக்கு அப்படிச் சும்மா கிடந்தது? அவள் இதற்கு ஒன்றும் கஷ்டப்படவில்லை. கிளட்சோடு மல்லுக்கட்டவில்லை, மேட்டில் வண்டி பின்னால் உருளும்போது வேர்க்கவில்லை. எல்லாம் கையில் வைத்துக் கொடுத்த மாதிரிக் கிடைத்துவிட்டது. அதற்கு ஊரில் பாராட்டு வேறு.

சாயங்காலம் கார் வந்து நின்றதும், துடைக்கிற சாக்கில் ஒரு துணியை எடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். எங்கேயாவது ஒரு கீறல் இருக்காதா என்று தேடுவேன். இருக்காது. உள்ளே ஏறி உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும், சீட்டை அவள் உயரத்துக்கு இழுத்து வைத்திருப்பாள். முன்சீட்டுக்குக் கீழே வேறு யாருடைய தலையில் இருந்தோ உதிர்ந்த கனகாம்பரம் கிடக்கும். அதை எடுத்து வெளியே எறிவேன். பூவின் மேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியும். அது உட்கார்ந்திருந்த இடம் அப்படி.

ஒருநாள் கணக்கு டீச்சரின் வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். போர் மோட்டார் ஓடவில்லை, கெபாசிட்டர் வேண்டும் என்றார். நான் தேடிக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகக் கேட்டார், "அப்பறம், ஒங்க வீட்டு டீச்சர் ஹெச்.எம். ஆகிட்டாங்களாமே. ஜெகதாப்பட்டினம் பக்கம் போட்டுருக்காங்களாம். தூரந்தான், ஆனாலும் புரமோஷன்ல. எப்பச் சாப்பாடு போடப் போறீங்க?"

"போட்ருவோம், போட்ருவோம்" என்றேன்.

எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது. அது ஒன்றில்தான் என் புத்தி முழுதும் இருந்தது. அவர் கேட்டதற்குப் பதிலாக வேறொரு கெபாசிட்டரைக் கொடுத்தனுப்பிவிட்டு, சாயங்காலம் அதற்கும் பேச்சு வாங்கினேன். என் வீட்டுச் சேதி, யாரோ ஒருத்தர் வீட்டு அடுப்படியைச் சுற்றிவிட்டு, என் கல்லாவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வயிறு எரிந்தது என்று சும்மா சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே எரியும்.

வீட்டுக்குப் போனேன். டீ கொண்டுவந்து கொடுத்தாள். இப்போது சொல்வாள் என்று பார்த்தேன். "சக்கர போதுமா?" என்றாள்.

"டீச்சரம்மா போட்ட டீயில கொற சொல்ல முடியுமா?"

"என்ன ஆச்சு ஒங்களுக்கு?"

"எனக்கென்ன. ஒண்ணும் ஆகல."

ஏதோ சொல்ல வந்த மாதிரி நின்றாள். கூடத்தில் டிவியில் யாரோ யாரையோ அறைந்தார்கள், அம்மா அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் போய்விட்டாள். மறுநாளும் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை.

நான் ஒரு திட்டம் போட்டேன். அந்த வண்டியை நான் ஓட்டினால் அவள் இடது பக்கம்தான் உட்கார்ந்தாக வேண்டும். அங்கே உட்கார்ந்தால் பேச்சு வந்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினேன். "எனக்கு அந்த வண்டிய ஓட்டச் சொல்லிக் குடு" என்றேன். கிண்டல் செய்கிறேனோ என்று முகத்தைப் பார்த்தாள். பிறகு ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

சந்தைத் திடல் காலியாகக் கிடந்தது. நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, "இடது கால் செருப்ப மட்டும் கழட்டுங்க" என்றாள்.

"ஒத்தச் செருப்போடவா?"

"வெறுங்காலா இருந்தாத்தான் அதுக்கு வேல இல்லேன்னு ஒங்களுக்கு ஞாபகம் இருக்கும். பின்னால மடக்கி வச்சுக்கங்க."

கழற்றினேன். வலது காலில் செருப்பு, இடது கால் வெறுமனே. டி-யில் போட்டு பிரேக்கை விட்டேன், வண்டி நகர்ந்தது. முதல் சுற்று ஒழுங்காகப் போனது. இரண்டாவது சுற்றில் ஒரு நாய் குறுக்கே வந்தது. இடது கால் பாய்ந்துவிட்டது. வண்டி குத்திட்டு நிற்க, அவள் முன்னால் போய் பெல்ட்டில் மாட்டித் திரும்பினாள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "பரவால்ல. மறுபடி எடுங்க" என்றாள். இன்னொரு தடவையும் அதே மிதி மிதித்தேன். "அந்தக் காலு தூங்குதுன்னு நெனச்சுக்கங்க" என்றாள். குரல் ஏறவே இல்லை. அவள் ஒரு தடவையாவது கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கண்மாய்க்கும் இதற்கும் சரியாகப் போயிற்று என்று விட்டிருப்பேன். அவள் கத்தவில்லை. அந்தப் பொறுமையைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் வந்தது.

எப்படியோ கால் அடங்கியது. "ரோட்டுக்கு எடுங்க, அங்கிட்டு அறந்தாங்கி ரோட்டுல" என்றாள். இரண்டு பக்கமும் தென்னை, கூட்டமில்லாத சாலை. பழைய மாதிரியே நான் வலது பக்கம், அவள் இடது பக்கம். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவள் என் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஜெகதாப்பட்டினம் ரொம்பத் தூரமாச்சே" என்றேன்.

காலில் இருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. எனக்குத்தான் கடைசி. புருசன்தானே, மெதுவாத் தெரிஞ்சாப் போதும்னு இருந்திருப்ப. முன்சீட்டுல ஒக்காந்து வாரவங்களுக்கு மொதல்ல சொல்லணும்ல."

"வண்டிய ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினேன். வலது காலால்தான்.

"நான் யாருக்கும் சொல்லல" என்றாள். "ஆபீஸ்லேருந்து போன் வந்தப்ப கணக்கு டீச்சர் பக்கத்துல இருந்தாங்க, காதுல விழுந்துருச்சு. ஓட்டுறப்ப எனக்குப் பேச்சே வராதுங்க. கேக்கத்தான் முடியும். அவங்கதான் பேசிக்கிட்டு வருவாங்க, நான் சிரிச்சுக்கிட்டே போவேன். ஒங்ககிட்டச் சொல்லத் தெனமும் நெனச்சேன். வீட்ல நின்னுக்கிட்டு எனக்குச் சொல்ல வரல. ஒங்ககிட்ட எதுன்னாலும் கார்லயே சொல்லிப் பழகிட்டேன். இப்பக் கார்ல நீங்க இல்லையே."

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வெறும் இடது கால் காரின் தரை மிதியடியில் வேர்த்திருந்தது.

"வேண்டாம்னு எழுதிக் குடுத்துறவா?" என்று கேட்டாள். "எழுதிக் குடுத்தா இங்கிட்டே இருக்கலாமாம்."

ஆமாம், எழுதிக் கொடுத்துவிடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். இதே பள்ளிக்கூடம், இதே ரோடு, தினமும் என் கடை வாசல், தட்டுகிற ஒரு ஹாரன். அதையாவது கையில் வைத்துக்கொள்ளலாம். பஸ்ஸில் போகிறவளாக இருந்தால் இந்தத் தூரமே அவளைத் தடுத்திருக்கும், நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருந்திருக்காது. இந்தக் கிளட்ச் இல்லாத வண்டிதான் எல்லாவற்றையும் நடக்கக்கூடிய காரியமாக்கிவிட்டது.

"ஒனக்குப் போகணுமா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் அவளுக்குப் பழைய பேச்சு திறந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர்களாம். போனவர் திரும்பி வருவாரா, இலங்கை நேவி பிடித்து வைத்துக்கொள்ளுமா என்று தெரியாமல் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருக்குமாம். யாருக்காவது போன் வந்தால் எல்லாப் பிள்ளையும் திரும்பிப் பார்க்குமாம். ரொம்ப நாளாகத் தலைமை ஆசிரியரே இல்லையாம். இதையெல்லாம் எப்போது விசாரித்தாள் என்று தெரியவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கடைசியில், "போகணும்ங்க" என்றாள்.

நான் ஒற்றைச் செருப்போடு இறங்கி, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் கதவைத் திறந்தேன். "எறங்கு. இப்பவே வழியப் பாத்துட்டு வந்துருவோம். நீ ஓட்டு. தெனமும் போற வழி ஒனக்குத்தான் பழகணும்."

அவள் ஓட்டினாள். கண்மாயை விட்டால், நான் அவளுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அந்த இடத்தில் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அறந்தாங்கி வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் என் இரண்டு காலும் சும்மா இல்லை. வளைவு வந்தால் கிளட்ச், ஆடு வந்தால் பிரேக், வெறும் மிதியடியை மிதித்துத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

"இன்னைக்கு நீங்க பேசுங்க" என்றாள். "ஓட்டுறவங்க கேக்குறது, பக்கத்துல இருக்குறவங்க பேசுறது. அப்படித்தானே நம்ம வழக்கம்."

என்னிடம் பேச என்ன இருக்கிறது? கெபாசிட்டர், ஸ்டார்ட்டர். யோசித்துப் பார்த்ததில் ஒன்றுதான் இருந்தது. "எனக்கு ஒன்னப் பாத்தாப் பொறாமையா இருக்கு" என்றேன்.

"தெரியும்."

"எப்பத்துலேருந்து?"

"எலுமிச்சம்பழத்துலேருந்து."

ரோட்டில் இருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னாள். காற்றில் கருவாட்டு வாடை வரத் தொடங்கியிருந்தது. முன்னால் ஒரு ஐஸ் லாரி, ரோடெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டு போனது. அதை முந்துவதற்கு அவள் வலது பக்கம் எடுத்தாள். நான் பலம் கொண்ட மட்டும் மிதியடியை மிதித்தேன். மடியில் கிடந்த அவளுடைய இடது கை எழுந்து வந்து என் முழங்காலை அழுத்திப் பிடித்தது.

"பிரேக்க நான் பாத்துக்கிறேன்" என்றாள். "நீங்க சொல்லுங்க, வேற என்ன பொறாம?"

கடை வாசலில் நிற்பதைச் சொன்னேன். கீறல் தேடியதைச் சொன்னேன். கனகாம்பரத்தைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு வந்தாள், சில இடத்தில் சிரித்தாள். லாரி எப்போதோ பின்னால் போய்விட்டது. என் கால் அடங்கி வெகுநேரம் ஆகியும் அந்தக் கை அங்கேயேதான் இருந்தது. கியர் போட வேண்டிய வேலை அதற்கு இல்லை.